மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் வாரண்டி: வீட்டுக்காரர் படித்துப் பார்க்க வேண்டியது என்ன?

இரண்டாவது ஐப்பசியில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சீலிங்கில், ஃபேன் மாட்டியிருக்கும் இடத்தைச் சுற்றி டீக்கறை நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங் அடித்து அப்போது 14 மாதம்தான் ஆகியிருந்தது. பீரோவில் 10 வருட வாரண்டி அட்டை பத்திரமாக இருந்தது. போன் செய்தோம், எழுதிக் கொடுத்தோம், கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து 20 லிட்டர் வாளி இரண்டு வாசலில் வந்து இறங்கின. கொண்டு வந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

"அடிக்கிறதுக்கு ஆள் எப்ப வருவாங்க?" என்று கேட்டேன்.

"வாரண்டி மெட்டீரியலுக்கு மட்டும்தான் சார். கூலி நீங்கதான் பாத்துக்கணும்."

அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பழைய கோட்டிங்கைச் சுரண்டி எடுக்க, தளத்தைக் கழுவிக் காயவிட, விரிசலை வெட்டி அடைக்க, திரும்ப அடிக்க என்று ஆன கூலி அந்த இரண்டு வாளியின் விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. 10 வருடம் என்ற பெரிய எழுத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தோம். எதற்கு 10 வருடம், யார் பொறுப்பு என்று கேட்கவில்லை. புதிதாக வீடு கட்டியவர்களும், பழைய வீடு வாங்கி முதல் தடவை மாடிக்கு வேலை வைப்பவர்களும் அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில், யார் கொடுக்கும் வாக்கு என்று பாருங்கள்

வாரண்டி என்ற ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று அர்த்தத்தில் சொல்கிறார்கள்.

கெமிக்கல் கம்பெனி தருவது பொருளுக்கான வாரண்டி. வாளியில் இருக்கும் சரக்கில் உற்பத்திக் குறை இல்லை, சொன்ன முறையில் அடித்தால் இத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் அது. வேலை எடுத்துச் செய்பவர், அந்தத் தொழிலில் அப்ளிகேட்டர் என்பார்கள், தருவது வேலைக்கான வாரண்டி. அடித்த விதத்தில் குறை இருந்தால் வந்து சரிசெய்து தருவேன் என்பது. இது பெரும்பாலும் வருடக் கணக்கில் குறைவாக இருக்கும். பல இடங்களில் எழுத்திலேயே இருக்காது. மூன்றாவது, வீட்டைக் கட்டி விற்ற பில்டரின் பொறுப்பு. அதற்குச் சட்டமே ஒரு கெடு வைத்திருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

கசிவு என்று வந்துவிட்டால் இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்த கம்பெனி ஆள் பிளேடால் கோட்டிங்கில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி எடுத்து, விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "ரொம்ப மெலிசா இருக்கு சார், தண்ணி ஜாஸ்தி கலந்திருக்காங்க" என்றார். அப்ளிகேட்டரிடம் சொன்னபோது, "தளத்துலயே விரிசல் இருக்கு சார், அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். தளம் போட்ட மேஸ்திரி எங்கே இருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது.

அதனால் விலை பேசுவதற்கு முன்பே கேட்க வேண்டியது இது: பொருளுக்கும் வேலைக்கும் சேர்த்து ஒரே தாளில் வாரண்டி கிடைக்குமா? சில கம்பெனிகள் தங்களிடம் பதிவு செய்த அப்ளிகேட்டர் மூலம் வேலை செய்தால் அப்படித் தருகின்றன. சதுர அடிக்குக் கொஞ்சம் கூட ஆகும். என்னைக் கேட்டால் அந்தக் கூடுதல் பணம் தகும். அப்படிக் கிடைக்காவிட்டால், அப்ளிகேட்டரின் லெட்டர்ஹெட்டில் தனியாக எழுதி வாங்குங்கள். நீளமாக வேண்டாம். "இந்த முகவரியில் உள்ள 800 சதுர அடி மொட்டை மாடியிலும் கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் நான் செய்த வேலையில் இன்ன தேதியிலிருந்து 5 ஆண்டுக்குள் கசிவு ஏற்பட்டால், எழுத்தில் தெரிவித்த 15 நாளுக்குள் பொருளும் கூலியும் என் செலவில் சரிசெய்து தருவேன்" என்பதுபோல இரண்டு வரி, கீழே தேதி, கையெழுத்து, சீல் இருந்தால் போதும்.

வாய்ப்பேச்சில் வாரண்டி, கியாரண்டி என்று மாற்றி மாற்றிச் சொல்வார்கள். எந்தச் சொல் என்று மல்லுக்கட்டத் தேவையில்லை. என்ன செய்து தருவார்கள் என்று எழுதியிருப்பதுதான் கணக்கு.

உங்கள் தளம் எப்படிப்பட்டது?

வாரண்டி அட்டைகள் எல்லாமே அடித்தளம் நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகின்றன. தளத்தின் அன்றைய நிலை பதிவாகியிருந்தால்தான் பிற்பாடு "தளமே சரியில்லை" என்ற பதிலுக்கு உங்களிடம் மறுபதில் இருக்கும்.

தமிழ்நாட்டில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது பழைய வழக்கம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்பில் சேர்த்து, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். நன்றாகச் செய்த தளம் ஒரு தலைமுறை தாங்கும். ஆனால் ஓட்டுக்கு நடுவில் உள்ள சாந்து போய்விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி ஜல்லிப் படுகையில் தங்கும். பிறகு சம்பந்தமே இல்லாத வேறொரு மூலையில் சொட்டும். இப்படிப்பட்ட மாடியில் ஓட்டின் மேல் கோட்டிங் மட்டும் அடித்தால், உள்ளே ஏற்கெனவே நிற்கும் ஈரம் வெயிலில் ஆவியாகிக் கோட்டிங்கைக் கொப்பளமாகத் தூக்கும். ஓட்டை ஒரு காசால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வருகிற ஓடுகளை எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

அடுத்தது வாட்டம். மழைநீர்க் குழாயை நோக்கி 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது தளம் இறங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. ஒரு நல்ல மழை விட்ட மறுநாள் சாக்பீஸோடு மாடிக்குப் போய், தண்ணீர் நிற்கிற இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். இரண்டு நாள் கழித்தும் கோட்டுக்குள் தண்ணீர் இருந்தால் அங்கே வாட்டம் இல்லை. தண்ணீர் தேங்கும் இடத்துக்குப் பொறுப்பில்லை என்று பல அட்டைகளில் இருக்கிறது. அது தெரியாமல் அதே இடத்தில் கோட்டிங் அடித்துவிட்டு எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் நிறைய. வாட்டம் சரிசெய்வது தனி வேலை, தனிச் செலவு. அதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

வேலை தொடங்குமுன் மாடி முழுவதையும் தேதியோடு படம் எடுங்கள்: விரிசல்கள், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் இறங்கும் துளை, தண்ணீர் டேங்க் உட்கார்ந்திருக்கும் மேடை. விரிசலின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அகலமும் தெரியும். அப்ளிகேட்டர் பார்த்துவிட்டுத் தரும் எஸ்டிமேட்டில் "விரிசல் அடைப்பு உட்பட" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இருந்தால் விரிசலைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வேலையை ஏற்றுக்கொண்டார் என்று ஆகிறது.

அட்டையின் பின்பக்கம்

இங்கேதான் நிதானம் வேண்டும். அட்டையை வேலை முடிந்த பிறகு தருவதுதான் வழக்கம். மாதிரி அட்டை ஒன்றை முன்பணத்துக்கு முன்பே கேட்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். தரத் தயங்கினால் அதுவே ஒரு தகவல்தான்.

கசிந்தால் என்ன தருவார்கள் என்ற பத்தியைத்தான் முதலில் தேட வேண்டும். பொருள் மட்டும், பொருளும் கூலியும், கட்டிய பணம் திரும்ப என்று மூன்றில் ஒன்று இருக்கும். "கம்பெனியின் விருப்பப்படி" என்ற சொல்லும் உடன் இருந்தால் எதைத் தருவது என்பது அவர்கள் கையில். எதைத் தந்தாலும் உள்ளே பாழான பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங், மர அலமாரி, டிவி எதுவும் சேராது. "விளைவாக ஏற்படும் நஷ்டம்" என்று ஒரே சொல்லில் அத்தனையையும் வெளியே நிறுத்தியிருப்பார்கள்.

அடுத்து, வருடம் ஏற ஏறத் தொகை குறைகிறதா என்று பாருங்கள். 30,000 ரூபாய்ச் சரக்குக்கு 10 வருட வாரண்டி, அதுவும் கழிந்த வருடத்தைக் கழித்துக்கொண்டு என்று வைத்துக்கொள்வோம். 7 வருடம் முடிந்து கசிந்தால் உங்களுக்குக் கிடைப்பது மிச்சமுள்ள 3 வருடத்தின் பங்கு, 9,000 ரூபாய். அன்றைக்குச் சரக்கின் விலை என்ன விற்றாலும் இதுதான் கணக்கு. முழு 5 வருடமும் முழுத் தொகை தருகிற வாரண்டியை இதோடு எப்படி ஒப்பிடுவது என்று குழம்ப வேண்டாம்: குறைந்த வருடத்துக்கு முழுப் பொறுப்பும் கூலியும் ஏற்கிற வாரண்டி, நீண்ட வருடத்துக்குப் பொருளை மட்டும் தேய்த்துத் தருகிற வாரண்டியைவிட மேல்.

வருடம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? பில் தேதி, வேலை முடிந்த தேதி, வாளியில் அச்சிட்ட உற்பத்தித் தேதி என்று ஒவ்வோர் அட்டையில் ஒவ்வொன்று. இணையத்தில் பதிவு செய்தால்தான் வாரண்டி உயிர்பெறும் என்றும், அதற்கு ஒரு கெடுவும் சிலவற்றில் இருக்கும். அப்ளிகேட்டர் பதிவு செய்துவிட்டேன் என்றால், வந்த எஸ்எம்எஸ்ஸையோ மின்னஞ்சலையோ கண்ணால் பாருங்கள்.

பிறகு விலக்குகள். தளத்தின் கட்டுமான விரிசல், தேங்கும் நீர், கனமான பொருள் வைத்தது, செடி வேர் இறங்கியது, பின்னால் செய்த கட்டுமானம், வேறு ஆளை வைத்துச் செய்த ரிப்பேர், இயற்கைச் சீற்றம் ஆகியவை ஏறக்குறைய எல்லா அட்டையிலும் உண்டு. இவற்றில் இரண்டைப் பற்றிக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். கட்டுமான விரிசல் என்றால் எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் என்று எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். எண் இல்லாவிட்டால் எந்த விரிசலையும் அந்தப் பெயரில் தள்ளிவிடலாம். இயற்கைச் சீற்றம் என்பதில் மழை சேருமா என்றும் கேளுங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது போன்ற நாளை அசாதாரணம் என்று ஒப்புக்கொள்ளலாம். ஐப்பசி அடைமழையை அப்படிச் சொல்ல விடக் கூடாது. அந்த மழைக்காகத்தானே கோட்டிங் அடிக்கிறோம்.

வீட்டை விற்றால் வாரண்டி வாங்குபவருக்குப் போகுமா என்ற வரியையும் பார்த்து வையுங்கள். பழைய வீடு வாங்குபவர்கள் பத்திரப் பதிவுக்கு முன்பே மாடி வேலையின் பில்லையும் அட்டையையும் கேட்டு வாங்கி, பெயர் மாற்றத்துக்குக் கம்பெனிக்கு எழுதுவது நல்லது.

வேலை நடக்கிற நாலு நாள்

வாரண்டியின் பலம் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் தீர்மானமாகிறது. அலுவலகத்துக்குக் காலையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டாவது மாடியில் நில்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வாளிக் கணக்கு. எந்தப் பொருளானாலும் டேட்டா ஷீட் என்று ஒன்று உண்டு. கம்பெனியின் இணையதளத்தில் கிடைக்கும். அதில் ஒரு லிட்டர் அல்லது ஒரு கிலோ எத்தனை சதுர அடிக்கு வரும் என்று போட்டிருக்கும். எங்கள் மாடி 800 சதுர அடி. நாங்கள் வாங்கிய பொருளுக்கு இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 20 சதுர அடி என்று இருந்தது. 800ஐ 20ஆல் வகுத்தால் 40 லிட்டர். எங்கள் பில்லை எடுத்துப் பார்த்தேன்: 20 லிட்டர் வாளி ஒன்று. பாதிச் சரக்கைத் தண்ணீரில் நீட்டி முழு மாடிக்கும் அடித்திருக்கிறார்கள். கம்பெனி மாற்றித் தந்த இரண்டு வாளியும் சேர்ந்து சரியாக 40 லிட்டர். இந்த வகுத்தலை நான் வேலைக்கு முதல்நாள் போட்டிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஆகவே வாளிகள் சீல் உடையாமல் மாடிக்கு வரட்டும். எண்ணுங்கள். பேட்ச் நம்பரும் உற்பத்தித் தேதியும் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். காலி வாளிகளை வேலை முடியும்வரை எடுத்துப் போக விடாதீர்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்றும் டேட்டா ஷீட்டில் இருக்கும். பிரைமர் கோட்டுக்கு மட்டும் கலக்கச் சொல்லும் பொருள்கள் உண்டு. மேஸ்திரியிடம் அதிகாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. "அண்ணே, இதுல இப்படிப் போட்டிருக்கு, இதன்படியே அடிச்சிருவோம்" என்று காட்டினால் பெரும்பாலோர் கேட்பார்கள். வெயிலில் குனிந்து வேலை செய்கிற அவர்களுக்கு அப்ளிகேட்டர் கொடுத்தனுப்புகிற சரக்குதான் கையில் இருக்கிறது. அளவு குறைந்தால் அப்ளிகேட்டரிடம்தான் பேச வேண்டும்.

விரிசலின் மேல் நேராகப் பூசக் கூடாது. ஆங்கில வி எழுத்துப்போல வெட்டி, தூசி ஊதி எடுத்து, அதற்குரிய ஃபில்லரால் அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாந்தால் வளைவாக உருட்டிவிட்டு, கோட்டிங்கைச் சுவரில் ஓர் அடியாவது ஏற்ற வேண்டும். கசிவு அதிகம் தொடங்குவது இந்த மூலையிலும் குழாய் வாயிலும்தான். அந்த இடங்களில் வலைத்துணி வைத்து அடிக்கிறார்களா என்று பாருங்கள். முதல் கோட் காய்ந்த பிறகு குறுக்கு வாக்கில் இரண்டாவது கோட். புதுத் தளமானால் 28 நாள் முடிந்து நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இந்த வேலைக்குச் சித்திரையிலிருந்து ஆடிக்குள் நாள் குறிப்பது நல்லது. புரட்டாசி கடைசியில் அவசரமாக ஆள் தேடினால் ஈரத்தின் மேல்தான் அடித்துவிட்டுப் போவார்கள்.

தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுக் கடைசிப் பணம்

டேட்டா ஷீட்டில் சொன்ன நாட்கள் கோட்டிங் காய்ந்ததும், மழைநீர்க் குழாயின் வாயைத் துணி மூட்டையால் அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். மிகப் பழைய தளமானால் பாரம் தாங்குமா என்று இன்ஜினியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் கீழே ஒவ்வோர் அறையிலும் சீலிங்கைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓதம் உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும். இந்தச் சோதனையை எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லி, மொத்தத் தொகையில் ஒரு பங்கை அதுவரை நிறுத்தி வைப்பதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள். முடிவில் பில், வாரண்டி அட்டை, பதிவு செய்த சான்று மூன்றும் கைக்கு வந்த பிறகு மீதி. பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐயிலோ கொடுங்கள். பில் வேண்டாமென்றால் ஜிஎஸ்டி மிச்சம் என்று சொல்வார்கள். அந்த மிச்சத்தோடு உங்கள் ஆதாரமும் போய்விடும்.

வாரண்டியை நாமே கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

2024இல் பிரதமர் சூரிய வீடு திட்டம் வந்ததிலிருந்து மாடிகளில் சோலார் பேனல் வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பேனலின் காலை ஊன்றத் தளத்தில் துளை போட்டால் அந்த இடத்தில் வாட்டர்ப்ரூஃபிங் வாரண்டி முடிந்தது என்று கொள்ளலாம். துளை போடாமல் மேலே கான்கிரீட் கட்டைகளை வைத்து அதில் ஊன்றும் முறையைக் கேளுங்கள். துளைதான் வேண்டுமென்றால் வேலைக்கு முன்பே அப்ளிகேட்டருக்கு எழுதி, துளைகளை அவரைக் கொண்டே அடைத்து, அதையும் எழுத்தில் வாங்குங்கள். டிஷ் ஆன்டெனா, துணி காயப்போடும் கம்பி, ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இந்த வேலைகளை முதலில் முடித்துவிட்டுக் கோட்டிங் அடிப்பது எளிது.

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் தொட்டிகளைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கைப்பிடிச் சுவர் இடுக்கில் காக்கை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றை விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்குங்கள். தண்டு தடித்துவிட்டால் வேர் சுவருக்குள் போய்விடும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஆவணியில் ஒரு தடவை குழாய் வாயில் அடைந்த சருகை வாரி, மாடியைச் சுற்றிப் படம் எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். ஆண்டுக்கொரு முறை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு அந்தப் படங்களே சாட்சி.

கலர் ஷீட் போட்டவர்களுக்கு

மாடிக்கு மேல் கலர் ஷீட் கூரை போடுவது இப்போது தெருவுக்குத் தெரு நடக்கிறது. ஷீட் கம்பெனி தரும் வாரண்டி, தகடு துருப்பிடித்து ஓட்டை விழுவதற்குத் தனி, நிறம் வெளுப்பதற்குத் தனி. ஆனால் ஷீட் கூரை ஒழுகுவது பெரும்பாலும் ஸ்குரூவின் ரப்பர் வாஷர் வெடித்துத்தான். அது தகட்டு வாரண்டியில் வராது, போட்டுத் தருகிற ஃபேப்ரிகேட்டரிடம் தனியாக எழுதி வாங்க வேண்டியது. ஷீட்டின் பூச்சு அளவையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஏஇசட் 150 என்றால் சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் அலுமினிய துத்தநாகப் பூச்சு. கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் கடற்கரையிலிருந்து எத்தனை தூரத்துக்குள் வாரண்டி கிடையாது என்று முதலிலேயே கேளுங்கள். ஏசியின் தாமிரக் குழாயில் பட்டு வடியும் தண்ணீர் ஷீட்டின் மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சை அரித்துவிடும். துளை போட்ட இரும்புத்தூளை அன்றைக்கே பெருக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு ராத்திரிப் பனியில் நனைந்தாலே புள்ளி புள்ளியாகத் துரு ஏறும்.

கசிவு வந்துவிட்டால்

பதற்றத்தில் தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டு சிமென்ட் பூசிவிடாதீர்கள். வேறு ஆள் கை வைத்தார் என்ற ஒரு காரணத்துக்காகவே வாரண்டியை மறுக்க முடியும். தார்ப்பாய் விரித்து மூடுவதில் தவறில்லை. கறையைப் படம் எடுத்து, பென்சிலால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழையில் கோட்டைத் தாண்டிப் போனால் இரண்டாவது கோடு, இரண்டாவது தேதி.

போனில் சொன்னது சொன்னதாக இருக்கட்டும். அன்றே மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் கம்பெனிக்கும் அப்ளிகேட்டருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். இரண்டு பேருக்கும் ஒரே தாளில் எழுதினால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவது பதிவிலேயே தெரிந்துவிடும். வந்து பார்ப்பவர் என்ன சொன்னார் என்பதை எழுதி வாங்குங்கள். தர மறுத்தால், "இன்று வந்த உங்கள் ஊழியர் இப்படிச் சொன்னார்" என்று நீங்களே அன்று மாலை எழுதி அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். காரணத்தில் தகராறு வந்தால் இரண்டு பக்கமும் சேராத ஒரு சிவில் இன்ஜினியரிடம் அறிக்கை வாங்குவது செலவானாலும் பயன்படும்.

பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப்போடலாம். "வழக்குகள் மும்பை நீதிமன்றத்துக்கு மட்டும்" என்று அட்டையில் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். எழுத்துபூர்வமாகச் சொன்ன வாக்குறுதி மட்டுமல்லாமல், பொருளைப் பற்றிச் சொன்ன விவரணையும் காட்டிய மாதிரியும்கூட வெளிப்படையான வாரண்டிக்குள் வரும் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. எனவே விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். "அடுத்த மாசம் ஆள் அனுப்புறோம்" என்ற பதிலை நம்பிக் காத்திருக்கும்போதும் இந்த 2 ஆண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பில்டர் கட்டிய வீடு, ஃபிளாட் என்றால்

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவான திட்டத்தில் வாங்கியவர்களுக்கு வாரண்டி அட்டையே இல்லாவிட்டாலும் ஒரு பிடி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து அதை பில்டரிடம் சொன்னால், 30 நாளுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்டு தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். மாடி ஒழுகுவதை ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது என்று பில்டர் தள்ளினால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாத திட்டங்களும், 8 வீட்டுக்கு மிகாத திட்டங்களும் பதிவு செய்ய வேண்டியதில்லை. சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர்களும் இதில் வர மாட்டார்கள். அவர்களுக்குக் கட்டுமான ஒப்பந்தமும் நுகர்வோர் சட்டமும்தான் துணை.

ஃபிளாட்டில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. மேல்தள வீட்டுக்காரருக்குத்தான் ஒழுகுகிறது என்று மற்றவர்கள் ஒதுங்கிவிட, அவர் மட்டும் தனியாக அலைவதைப் பல அடுக்ககங்களில் பார்த்திருக்கிறேன். கடிதம் சங்கத்தின் பெயரில் போக வேண்டும். சங்கம் இன்னும் பதிவாகவில்லையென்றால் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒப்படைப்புக் கடிதத்தின் தேதியை எடுத்துப் பாருங்கள். 5 ஆண்டு முடிய ஒரு மழைக்காலம்தான் மிச்சம் என்றால், மார்கழி பிறப்பதற்குள் மாடியையும் மேல்தள வீடுகளின் சீலிங்கையும் ஒரு சுற்றுப் பார்த்து, தெரிகிற ஓதம் ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து, பில்டருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.